2024 ஜூன், பிரிட்டன் தேர்தல்: டோரிங்க (கன்சர்வேட்டிவ் கட்சி) தோக்கப்போறது 1979-90ல பிரதமரா இருந்த தாட்சரோட சந்தை வழிய விட்டதாலயா?

மணிக்கூண்டு:
ஜூலை 4 தேர்தலுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. கன்சர்வேட்டிவ் கட்சி சந்தைப் பொருளாதாரத்த கைவிட்டுச்சு, அதான் இந்த நிலமைன்னு நிறைய பேர் எழுதறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2022 செப்டம்பர் 23ல அப்ப பிரதமரா இருந்த ட்ரஸ்ஸும் நிதியமைச்சர் குவார்ட்டெங்கும் செஞ்சது சந்தைப் பொருளாதாரம் இல்லாம வேற என்ன, 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பு, ஈடுகட்ட பணம் எங்கேர்ந்து வரும்னு சொல்லவே இல்ல, மூணே நாள்ல பவுண்டு 1.03 டாலர் பக்கம் விழுந்துச்சு, பென்ஷன் ஃபண்டுங்க கவிழாம இருக்க பேங்க் ஆஃப் இங்கிலாந்து அரசு கடன்பத்திரத்த வாங்க இறங்கிச்சு, வீட்டுக்கடன் வட்டி 6% தாண்டிப் போச்சு. அந்த வட்டிய இன்னிக்கும் கட்டிட்டு இருக்கவங்க இங்கயே இருக்கீங்க.

கடைக்காரன்:
அண்ணை, ட்ரஸ் இருந்தது 50 நாள் கூட இல்லை. 2010ல இருந்து மிச்ச காலம் முழுக்க ஆண்டது ஆர்? கார்ப்பரேஷன் டாக்ஸ் 19ல இருந்து 25 ஆக்கினது இவையள்தான், வரியில்லாத வருமானத்தை 12,570 பவுண்டிலயே 2028 வரைக்கும் உறைய வைச்சதும் இவையள்தான், சம்பளம் கூடக்கூட சனம் தன்ர பாட்டில வரிக்குள்ள விழுகுது. இதுக்கு எதிர்க்கட்சி லேபருக்கே போடலாமே, கன்சர்வேட்டிவ் நீலக்கொடி எதுக்கு?

மணிக்கூண்டு:
50,000க்குள்ள லாபம் பாக்கற கம்பெனிக்கு இன்னும் அதே 19%தான், அதயும் சேத்து சொல்லுங்க. அப்புறம் தாட்சர் என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 1979ல வருமான வரியோட உச்ச விகிதத்த 83லேர்ந்து 60 ஆக்கினாங்க சரி, அதே பட்ஜெட்ல வாட் வரிய 8லேர்ந்து 15க்கு ஏத்தினாங்க. 1981ல நாடே மந்தத்துல கெடக்கறப்ப அவங்க நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் இதே மாதிரி வரி வரம்ப உறைய வெச்சார், 364 பொருளாதார நிபுணர்கள் எதிர்த்து கையெழுத்து போட்டாங்க, தாட்சர் அசையல. உச்ச விகிதம் 40க்கு வந்தது 1988லதான். மொதல்ல கணக்க நேராக்கி அப்புறம் வரிய குறைச்சாங்க. நீங்க இப்ப திட்டற வரம்பு உறைவு தாட்சர் காலத்து வேலைதான்.

கடைக்காரன்:
வரியை மட்டும் கதைச்சா எப்பிடி? தாட்சர் 84ல பிரிட்டிஷ் டெலிகாம், 86ல பிரிட்டிஷ் கேஸ் எண்டு ஒவ்வொண்டா அரசாங்கத்தின்ர கையில இருந்து எடுத்தவ. இவையள் எதைத் திறந்து விட்டவை? வீடு கட்ட விடுங்கோ எண்டா 2021ல செஷம் அண்ட் அமர்ஷம் தொகுதி இடைத்தேர்தல்ல தோத்த உடனே பயந்து பின்வாங்கினவை, அடுத்த வருசம் டிசம்பர்ல வீட்டு இலக்கைக் கட்டாயம் இல்லை எண்டும் ஆக்கிப்போட்டினம். நிலத்தில சந்தையே இல்லாத நாட்டில என்ர பிள்ளையள் எப்ப வீடு வாங்கிறது சொல்லுங்கோ.

டைன்_கரை:
நிலத்தப் பத்தி கடைக்காரர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா ரெண்டு பேருமே வட இங்கிலாந்த மறந்துட்டு பேசறீங்க. 2019 தேர்தல்ல கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான்சனுக்கு 80 சீட்டு மெஜாரிட்டி குடுத்தது யாரு, பிளைத் வேலி, முன்னாள் லேபர் பிரதமர் டோனி பிளேர் தொகுதியா இருந்த செஜ்ஃபீல்டு, இங்கல்லாம் ஜனங்க சின்ன அரசாங்கம் வேணும்னா ஓட்டு போட்டாங்க? ஆஸ்பத்திரி கட்டறேன், ரயில் விடறேன், பிரெக்ஸிட்ட (ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு வெளியேறறத) முடிக்கறேன்னார், நம்பினாங்க. 2023 அக்டோபர்ல பிரதமர் சுனக் மான்செஸ்டர்லயே நின்னுக்கிட்டு மான்செஸ்டர் வரைக்குமான ஹெச்எஸ்-2 அதிவேக ரயில ரத்து பண்ணிட்டார். தெற்குல வசதியான சர்ரேக்காரருக்கு வரி குறையணும், எங்க ஊர்க்காரருக்கு செலவு பண்ணணும், ஒரே கட்சி ரெண்டையும் சொல்லி ரெண்டையும் செய்யல.

மணிக்கூண்டு:
அதேதான். இன்னொண்ணு, தாட்சர் செஞ்சதுலயே பெரிய சந்தைத் திறப்பு, ஐரோப்பா முழுக்க ஒரே சந்தைக்கு வழி போட்ட 1986 ஒற்றை ஐரோப்பியச் சட்டம், அந்த ஒற்றைச் சந்தைலேர்ந்து நாட்ட வெளிய இழுத்தது இதே கட்சி. 2024 ஏப்ரல் 30லேர்ந்து ஐரோப்பாவுல இருந்து டோவர் வழியா வர்ற இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் ஒரு தடவைக்கு 145 பவுண்டு வரைக்கும் எல்லைக் கட்டணம். கடைக்காரரே, இது உங்க விலைலதான வந்து விழுது?

கடைக்காரன்:
விழுகுதுதான், ஆர் இல்லை எண்டது? வெளியில வந்தா ஒழுங்கா விதிமுறையளைக் குறைச்சிருக்கோணும், அதையும் செய்யேல்லை. அதாலதான் இந்தமுறை ஃபராஜின்ர ரிஃபார்ம் கட்சிக்குப் போடப்போறன். வரியில்லாத வருமானத்தை 20,000 ஆக்கிறம் எண்டு சொல்லியிருக்கினம்.

மணிக்கூண்டு:
ஃபராஜோட தேர்தல் அறிக்கைய முழுசா படிச்சீங்களா? வரிக்குறைப்பு மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 90 பில்லியன், ட்ரஸ் சொன்னதுல ரெண்டு மடங்கு. அதோட தண்ணி, கரண்ட் மாதிரி கம்பெனிங்கள்ல 50% அரசாங்கத்துக்கு எடுப்போம்ங்கறாங்க. தாட்சர் வித்தத திரும்ப வாங்கற கட்சிக்கு தாட்சர் பேர சொல்லி ஓட்டு போடறீங்க.

டைன்_கரை:
அந்த 50%தான் எங்க பக்கத்துல பிடிக்குது. எங்க தெருவுல ரிஃபார்ம் பத்தி பேசறவங்க யாரும் வரியப் பத்தி பேசல.

கடைக்காரன்:
அந்த 50% கதை எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா சுனக்கும் லேபர் தலைவர் ஸ்டார்மரும் ரெண்டு பேருமே வேலை செய்யிற சனத்துக்கு 12,570ஐ 2028 வரைக்கும் அசைக்கப்போறதில்லை. அப்ப குறைக்கிறம் எண்டு சொல்ற ஒருத்தருக்கும் போடாட்டி, அந்த உறைவை வேண்டாம் எண்டு நான் எப்பிடித்தான் சொல்லுறது? ட்ரஸ்ஸை விட்டிட்டு அதுக்குப் பதில் சொல்லுங்கோ அண்ணை.