கண்மாய்க்கரை வீட்டுச் சாவி

குழு: கண்மாய்க்கரை வீடு – சொந்தங்கள் மட்டும்

சனிக்கிழமை

[காலை 7:12] கயல்: அனைவருக்கும் வணக்கம். ஓர் உதவி வேண்டும். எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமை நம் ஊரில் நடத்த அனுமதி கிடைத்துவிட்டது. ஏழு நாள். மாணவர்கள் ஐம்பது பேர், பேராசிரியர்கள் இரண்டு பேர். காலாண்டு விடுமுறை என்பதால் பையன்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொள்வார்கள். பெண்களுக்குத்தான் இடமில்லை. கண்மாய்க்கரை வீட்டைத் திறந்து கொடுக்க முடியுமா?

[7:15] மல்லிகா: எப்போது?

[7:15] கயல்: அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது, அத்தை.

[7:16] மல்லிகா: புரட்டாசி சனியா? அழகர்கோயிலுக்குப் போக வேண்டுமே. வேன் பேசியாகிவிட்டதா, இல்லையா? யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

[7:18] சரவணன்: அம்மா, கயல் கேட்டது வீடு. வேனைப் பிறகு பேசலாம்.

[7:18] மல்லிகா: துபாயில் உட்கார்ந்துகொண்டு என்னை அதட்டாதே.

[7:31] ராசாங்கம்: மிக நல்ல செய்தி, கயல். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. நானும் கல்லூரியில் அதில் இருந்தவன்தான். ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். சரி, நம் கண்மாய்க்கு வருகிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895இல் பென்னிகுயிக் அணை கட்டிய பிறகு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்தது. பேரணையில் பிரியும் பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். நாம் கடைமடை. மேலே இருப்பவர்கள் குடித்த மிச்சம்தான் நமக்கு. அந்த மிச்சமும் வரத்துக்கால் சுத்தமாக இருந்தால்தான் கண்மாய்க்குள் வரும். ஆகவே கரையை மட்டும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வரத்துக்காலைப் பாருங்கள்.

[7:32] சரவணன்: சரி பெரிய மாமா.

[7:32] மல்லிகா: சரி அண்ணே. வேன்?

[7:40] கயல்: பெரியப்பா, அதைத்தான் பார்த்தோம். சென்ற வாரம் நாங்கள் சிலர் வந்து கால்வாய் மடையிலிருந்து கண்மாய் வரை வரத்துக்காலை ஒட்டியே நடந்தோம். எங்கெங்கே அடைத்திருக்கிறது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறோம். ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்ப் பாலம்தான் மோசம். உள்ளே கையை விட்டால் முழங்கை வரை பாலித்தீன் பைதான் வருகிறது. இழுக்க இழுக்க ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் சேறும் மாலை நாரும். தண்ணீர் எப்படிப் போகும்?

[7:44] செல்வராசு: ஒன்றியத்தில் கடிதம் வாங்கிவிட்டாயா, அம்மா?

[7:45] கயல்: வாங்கிவிட்டோம், அப்பா.

[7:52] ராசாங்கம்: அதுதான் முறை. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் என்றால் நீர்வளத்துறையிடம் போக வேண்டும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். நம்முடையது சின்னக் கண்மாய்.

[8:03] மல்லிகா: *பலமுறை பகிரப்பட்டது* சீமைக்கருவேல மரம் காற்றில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்! அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும்! உடனே அனைவருக்கும் பகிருங்கள்!

[8:04] மல்லிகா: கயல், முதலில் இதை வெட்டச் சொல்.

[8:20] கயல்: அத்தை, மாடு மலடாகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த மரத்தின் மேல் பொய்யாகப் பழி போட வேண்டியதே இல்லை, உண்மையே போதும். வேர் ஆழமாக இறங்குகிறது. கீழே வேறு செடியை வளர விடாது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் தழைக்கும். ஆடு காயைத் தின்று புழுக்கை போடும் இடமெல்லாம் முளைக்கும். பெரிய மரங்களைப் பஞ்சாயத்துதான் ஏலம் விட்டுத் தூரோடு பிடுங்க வேண்டும். நாங்கள் கண்மாய் உள்வாயில் இருக்கும் சிறு கன்றுகளை வேரோடு எடுக்கிறோம். மண் ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு அவ்வளவும் மரமாகாது.

[8:22] மல்லிகா: அடுப்புக்கு விறகு?

[8:22] சரவணன்: அம்மா, நம் வீட்டில் கேஸ் அடுப்பு.

[9:05] பாண்டி: இப்போதுதான் பார்க்கிறேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்தேன். வீட்டைத் திறப்பது பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே குழுவில் போட்டாயிற்று.

[9:06] கயல்: சித்தப்பா, நேற்று இரவு அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

[9:07] பாண்டி: வயலில் மோட்டார் ஓடினால் எப்படிக் கேட்கும்?

[9:09] பாண்டி: போன மழையில் ஓடு பிரிந்து நடுவீடு ஒழுகியபோது இதே குழுவில் படம் போட்டேன். எத்தனை பேர் பதில் சொன்னீர்கள்?

[9:10] மல்லிகா: நான் கட்டைவிரல் போட்டேனே.

[9:10] பாண்டி: கட்டைவிரலை வைத்து ஓடு மாற்ற முடியாது, அக்கா.

[9:14] ராசாங்கம்: பாண்டி, அது வேறு விஷயம். பாகப்பிரிவினை முடிந்ததும் அவரவர் பங்குக்கு

[9:14] ராசாங்கம்: தவறுதலாக அனுப்பிவிட்டேன். நேரில் பேசுவோம்.

[9:15] பாண்டி: ஐயா இறந்த நாளிலிருந்து நேரில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

[9:31] செல்வராசு: என் பங்கு ஓட்டுக் காசை இன்று மாலைக்குள் அனுப்புகிறேன், பாண்டி. முன்பே அனுப்பியிருக்க வேண்டும்.

[9:48] பாண்டி: காசு கிடக்கட்டும் அண்ணே. கயல், நீ வரைபடத்தில் குறித்திருப்பதாகச் சொன்னாயே, அதில் என் வேலியும் இருக்கிறதா?

[9:49] மல்லிகா: எந்த வேலி?

[9:50] பாண்டி: அவளுக்குத் தெரியும்.

[10:02] கயல்: இருக்கிறது, சித்தப்பா. படப்புக்குப் பக்கத்தில் வரத்துக்கால் குறுகுகிறது. யாருடைய வேலி என்று நாங்கள் எழுதவில்லை, இடத்தை மட்டும் குறித்தோம். அளப்பதும் எடுப்பதும் கிராம நிர்வாக அலுவலர் வேலை, எங்கள் வேலை இல்லை. ஆனால் மற்ற ஆறு இடத்தைக் குறித்துவிட்டு, நம் வீட்டு வேலி என்பதற்காக அதை மட்டும் விட முடியாது. என் கூட வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர். இந்த ஊர்க்காரி என்று என்னை நம்பித்தான் வருகிறார்கள். நான் மறைத்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

[10:03] சரவணன்: கயல் சொல்வது சரி.

[10:03] மல்லிகா: நீ சும்மா இரு.

[10:20] பிரியா: அப்பத்தா பக்கத்தில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் ஐயா காலத்தில் அங்கே வேலி இல்லை. வரத்துக்காலில் இரண்டு வண்டி மாடு பக்கம் பக்கமாக நிற்கும். நான் அதில் துணி துவைத்தவள். பாண்டி கோபக்காரன், ஆனால் கண்மாய் நிறையாமல் போனால் முதலில் காய்வது அவன் வயல்தான். அது அவனுக்குத் தெரியும்."

[10:21] பிரியா: "சாவியைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டை போட வேண்டாம்" என்றும் சொல்கிறார்கள்.

[11:30] மல்லிகா: பாண்டியை அழைத்தேன். எடுக்கவில்லை.

[11:34] ராசாங்கம்: விடு, வருவான். கயல், சேகரிக்கும் பிளாஸ்டிக்கை எரித்துவிடாதீர்கள். நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். சூடாக்கிய சல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும், பிறகு தார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆகவே மண் இல்லாமல் அலசி, காயவைத்து, தனியாகக் கட்டுங்கள்.

[11:36] கயல்: செய்கிறோம், பெரியப்பா. கண்ணாடிச் சில்லுக்குத் தனிச் சாக்கு. கரையில் உடைந்த மது பாட்டில் அவ்வளவு கிடக்கிறது.

[11:37] மல்லிகா: கையுறை? செருப்பு இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. ஊசி போட்டுக்கொண்டார்களா?

[11:40] கயல்: கையுறை வாங்கிவிட்டோம், அத்தை. ஊசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கிறேன்.

[11:52] செல்வராசு: அரிட்டாபட்டிக்காக 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்துச் சனமெல்லாம் மதுரைக்கு நடந்தோமே, அன்று கயல் கடைசி வரை நடந்தாள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விட்ட ஏலம் அந்த மாதமே ரத்தானது. அதற்குப் பிறகுதான் இவளுக்கு இந்த வேகம்.

[11:55] கயல்: அப்பா, அது மட்டும் இல்லை. அங்கே மலையையும் சுனையையும் காப்பாற்ற ஊரே எழுந்தது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் என்பதும் உதவியது. நம் கண்மாய்க்கு அப்படி யாரும் பட்டம் கொடுக்கப்போவதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

[12:10] சரவணன்: பனை விதை நடுகிறீர்களா?

[12:11] கயல்: ஆமாம். இப்போதுதான் பழம் உதிர்கிறது. கரை நெடுக, பத்தடிக்கு ஒன்று, ஓர் அடி ஆழத்தில்.

[12:12] சரவணன்: அப்படியென்றால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு உறுதி. நானும் விடுமுறையில் வருகிறேன்.

[12:18] கயல்: அத்தான், என் பயமே அதுதான். மேலே ஓலை தெரிவதற்குள் கீழே கிழங்கு இறங்கிவிடும். தை பிறந்ததும் யாராவது தோண்டித் தின்றால் அந்த மரம் அவ்வளவுதான். பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி போட வேண்டாம். தோண்டாமல், தீ வைக்காமல் விட்டால் போதும். நாங்கள் ஏழு நாளில் போய்விடுவோம். அதற்குப் பிறகு யார் பார்ப்பது?

[12:19] மல்லிகா: பஞ்சாயத்து பார்க்கும்.

[12:19] சரவணன்: பார்க்கும் பார்க்கும்.

[12:45] ராசாங்கம்: நானும் யோசிக்கிறேன்.

[மாலை 4:10] மல்லிகா: அழகர்கோயில் வேனுக்கு யார் யார் வருகிறீர்கள்? பெயர் போடுங்கள்.

[4:11] மல்லிகா: 1. மல்லிகா 2. அண்ணன் 3. மதினி

[4:15] பிரியா: 4. அப்பத்தா

[4:16] மல்லிகா: அம்மா படி ஏறுவார்களா?

[இரவு 8:52] பாண்டி: கிழக்குக் கரைப் பனையடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறது. நாளைக்குப் பொறுக்க ஆள் அனுப்பு, கயல். விட்டால் பன்றி தின்றுவிடும். டிராக்டர் ஏறும் தடத்தை விட்டுவிட்டு நடச் சொல்.

[8:53] கயல்: சித்தப்பா!

[8:55] பாண்டி: கிழங்கு தின்ன ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு என் கொல்லையில் தனியாகப் பாத்தி போட்டுத் தருகிறேன். இருநூறு கொட்டை புதைத்தாலும் இடம் இருக்கிறது. தை மாதம் அங்கே வந்து தோண்டிக்கொள்ளட்டும். கரையில் எவனாவது கை வைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் அந்த வழியாகத்தானே போகிறேன்.

[8:56] சரவணன்: மாமா, எனக்கு ஒரு கட்டு எடுத்து வையுங்கள்.

[8:58] செல்வராசு: நன்றி, பாண்டி.

[9:01] பாண்டி: வேலி பற்றி இங்கே யாரும் பேச வேண்டாம். அண்ணன்கள் இருவரும் வெள்ளிக்கிழமை வாருங்கள். கயிறு போட்டு அளந்து பார்ப்போம். அதன் பிறகு நான் சொல்கிறேன்.

[9:03] ராசாங்கம்: வருகிறேன். பழைய புல வரைபட நகல் என்னிடம் இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

[9:04] பாண்டி: நீங்கள் எடுத்து வருவீர்கள் என்று தெரியும்.

[9:06] கயல்: சித்தப்பா, வீடு?

[9:15] பாண்டி: கழிவறைக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரை எடுத்து மேலூரில் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமைக்குள் தருவதாகச் சொன்னான். வந்தால் திறக்கிறேன்.

[9:16] கயல்: வராவிட்டால்?

[9:20] மல்லிகா: வராவிட்டால் பெண்பிள்ளைகள் எங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

[9:20] சரவணன்: அம்மா, இரண்டு பஸ் மாற வேண்டும்.

[9:22] பிரியா: சமையல் யார் என்று அப்பத்தா கேட்கிறார்கள்.

[9:24] கயல்: காலையும் இரவும் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்கா செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மதியத்துக்குத்தான் ஏற்பாடு இல்லை.

[9:26] மல்லிகா: சனிக்கிழமை தவிர மற்ற நாள் நான் வருகிறேன். சாம்பார் சாதம், தக்காளி சாதம் என்றால் ஐம்பது பேர் ஒரு கணக்கே இல்லை. நம் பெரிய பித்தளை அண்டா எங்கே?

[9:27] பாண்டி: இங்கே இல்லை.

[9:27] ராசாங்கம்: என்னிடமும் இல்லை. தனம் தேடுகிறாள்.

[9:30] செல்வராசு: பிரியா காதுகுத்துக்கு எடுத்துப் போனோம். அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

[9:31] மல்லிகா: பிரியாவுக்கு இப்போது கல்லூரி வயது!