வீட்டுச் சிலந்திகளும் நஞ்சும்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

காட்பாடிவாசி:

போகிக்கு முந்தைய நாள் ஒட்டடை அடிக்கும்போது பரணிலிருந்து இறங்கிய ஒரு சிலந்தியைத் துடைப்பத்தால் அடித்துக் கொன்றேன். மூன்று மாதங்களாகியும் அது மனத்தை விட்டு நீங்கவில்லை. கால்களை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும் அளவு. தட்டையான உடல், நண்டைப் போலப் பக்கவாட்டில் நீண்ட கால்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற வெள்ளை வட்டு ஒன்றை இறுகப் பிடித்திருந்தது. இரண்டாவது அடியில் அந்த வட்டு கிழிந்து, கடுகிலும் சிறிய குஞ்சுகள் சுவரெங்கும் பரவின. கீழே தொட்டிலில் பேத்தி உறங்கிக்கொண்டிருந்ததால்தான் அடித்தேன். அது நச்சுள்ளதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அமிர்தி சாலை:

அம்மா, நீங்கள் கண்டது வீட்டுச் சுவரில் வாழ்வது. நாங்கள் கண்டது வேறு. சவ்வாது மலை அடிவாரத்தில் புளி உலுக்கச் சென்றபோது, என் மைத்துனர் மரப்பொந்தில் கைவைத்து ஏறினார். உடனே கையை இழுத்துக்கொண்டு கத்தினார். பொந்தின் வாயில் மயிரடர்ந்த பெரிய சிலந்தி ஒன்று முன்னங்கால்களை உயர்த்தி நின்றது. அந்தக் கால்களின் அடிப்பக்கம் மஞ்சள் பூசியதைப் போலப் பளிச்சென்றிருந்தது. அந்த மஞ்சளைத்தான் இன்றும் கனவில் காண்கிறேன். கடித்த விரலில் வீக்கம் குறைவுதான். ஆனால் இரவில் கெண்டைக்காலிலும் மார்பிலும் குரக்குவலி பிடித்து, மூன்று நாள் விட்டு விட்டு வந்தது. பாம்புக்கடிக்கான ஊசி போடும்படி நாங்கள் வற்புறுத்தினோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு மட்டுமே அந்த மருந்து என்று மருத்துவர் மறுத்து, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்.

ராணிப்பேட்டை மாடித்தோட்டம்:

காட்பாடி அம்மையார் கேட்டதற்கு நேரான விடை: நீங்கள் கொன்றது கரப்பான் பூச்சிகளைத் தின்று வாழும் பெண் சிலந்தி. வலை பின்னாது, முட்டைப் பையை வயிற்றோடு அணைத்துச் சுமக்கும். நெருக்கினால் கடிக்கும், வலிக்கும். அதற்கு மேல் ஆபத்தில்லை. அளவைக் கண்டு நஞ்சை எடைபோடுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் பிழை.

என் அனுபவம் சிறியது. மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்க அடியில் விரல் நுழைத்தேன். ஒழுங்கற்ற, ஆனால் அறுக்கக் கடினமான நூல் ஒன்று நறநறவென்று அறுந்தது. கவிழ்த்துப் பார்த்தால், சிறு ஊமத்தங்காயைப் போல முள் முள்ளாக நான்கு முட்டைப் பைகள். அருகில் சுண்டைக்காய் அளவு வயிற்றுடன் ஒரு பழுப்புச் சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. வயிற்றின் அடியில் உடுக்கை வடிவில் ஆரஞ்சு நிறக் குறி. உலகெங்கும் அஞ்சப்படும் கறுப்பு விதவைச் சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது அது. தானாக வந்து தாக்காது. உட்காரும்போதோ கைவைக்கும்போதோ நசுக்கினால்தான் கடிக்கும்.

ஆகவே, மருந்து அடிப்பதைப் பற்றி இங்கே யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தரையில் தெளிக்கும் பூச்சிமருந்து கரப்பானைக் கொல்லும் அளவுக்குச் சிலந்தியைக் கொல்வதில்லை. அது கால் நுனிகளை மட்டும் ஊன்றி நடப்பதால் உடலில் ஒட்டும் மருந்து குறைவு. முட்டைப் பைக்குள் மருந்து இறங்குவதும் அரிது. ஒட்டடைக் கோலால் வலையையும் பையையும் சேர்த்து எடுத்து, பையைப் பாலித்தீன் உறையில் கட்டி நசுக்குவதுதான் பயன் தரும். வாசல் விளக்கு இரவு முழுவதும் எரிந்தால் ஈசலும் அந்துப்பூச்சியும் கூடும். அவற்றைத் தேடிச் சிலந்தி வரும். விறகு, செங்கல், பழைய ஓடு, தேங்காய் மட்டை ஆகியவற்றைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். எடுக்கும்போது கையுறை அணியுங்கள். வெளியே கழற்றிவைத்த ஷூவைத் தட்டிவிட்டு அணியுங்கள். அமிர்தி சாலை நண்பர் எழுதாமல் விட்டதையும் சேர்க்கிறேன்: கடிவாயைக் கீறுவதும், கயிறு கட்டுவதும், சுண்ணாம்பு தடவுவதும் வேண்டாம், சோப்பிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குடியாத்தம்:

மேலே எழுதியவர் சிலந்தியை நேரில் பார்த்த பிறகு பேசுகிறார். பார்க்காமலே சிலந்தியின் மேல் பழிபோடும் வழக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் மொழியில் உடலில் எழும் கட்டிக்கும் சிலந்தி என்ற பெயர் உண்டு. நரம்புச் சிலந்தி என்பதோ ஒரு புழு நோய், இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில். தோலில் எது தோன்றினாலும் 'எட்டுக்கால் பூச்சி' என்று சொல்லிவிடுகிறோம்.

கார்த்திகையில் வரப்பில் புல் அறுத்துவிட்டு வந்த என் அண்ணிக்கு ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி. இடுப்பில் சிறிய புண். சிலந்திக் கடி என்று குப்பைமேனி அரைத்துப் பூசினோம். மருத்துவர் பச்சிலையைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தபோதுதான் கண்டோம்: சிகரெட்டால் சுட்டதைப் போல வட்டமான கரும்பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, வலியே இல்லை. ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்கே எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்து நாள் பச்சிலை பூசிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. மழைக்காலத்தில் தோலில் நீளமாகக் கொப்புளம் எழுவதையும் சிலந்தியின் சிறுநீர் என்கிறார்கள். அது விளக்கைத் தேடி வரும் ஒரு சிறு வண்டை நாம் தோலில் தேய்த்து நசுக்குவதால் உண்டாவது.

அணைக்கட்டு:

குடியாத்தத்துக்காரர் சொன்னதற்காகவே எழுதுகிறேன். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

அக்கினி நட்சத்திர வெயிலில் எங்கள் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியற்காலை மூன்று மணி இருக்கும். தோளில் எதுவோ சுருக்கென்றது என்று எழுந்தார். விளக்கைப் போட்டால் சுவரில் ஒரு பெரிய சிலந்தி. செருப்பால் அடித்தேன். கடிவாயும் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி, நைனாவே சிரித்தார். சற்று நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றார். இரவு உண்ட களி சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். பால்காரர் வந்த வேளையில், தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். இமை தூக்க வரவில்லை என்றார், குழறிய குரலில்.

மருத்துவமனையில் எதுவும் சொல்லாமல் அந்தச் சிலந்தி இருந்த பாலித்தீன் பையை நீட்டினேன். பணியிலிருந்த மருத்துவர் பையை மேசையில் வைத்துவிட்டு, நைனாவின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். "தரையில் படுத்திருந்தாரா?" என்று மட்டும்தான் கேட்டார். கட்டுவிரியன் கடி. அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடம் பெரும்பாலும் தெரியாது. நச்சுமுறிவு மருந்து ஏற்றி, செயற்கைச் சுவாசத்தில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார். பாம்பை நாங்கள் பார்க்கவே இல்லை. நான் இழந்த இரண்டு மணி நேரத்துக்குக் காரணம் அந்தச் சுவரில் சும்மா இருந்த சிலந்திதான். இல்லை, அதைக் கண்டதும் விசாரணையை முடித்துக்கொண்ட நான்தான்.

காட்பாடிவாசி:

எல்லோருக்கும் நன்றி. அணைக்கட்டுத் தம்பி, உங்கள் நைனா நலமாக இருப்பது ஆறுதல். கோடையில் நாங்களும் கூடத்துத் தரையில்தான் படுக்கிறோம். இன்று மாலை பரணிலிருந்து பழைய மடக்குக் கட்டிலை இறக்கச் சொல்லியிருக்கிறேன். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகும்படி மகனிடம் சொல்ல வேண்டும். கட்டிலை இறக்கும்போது வட்டைச் சுமந்த சிலந்தி மறுபடியும் வந்தால், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, கொல்லையில் விட்டுவிடுகிறேன்.