கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பிள்ளை ஏன் திணறுகிறது?

தேக்கா அப்பா:
மகள் தொடக்கநிலை ஆறு. துணைப்பாடத்தில் ஒரே வகைக் கணக்கை நாற்பது ஐம்பது போடுகிறாள், தப்பே வராது. நேற்று, சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறு முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வில் 2021இல் வந்த ஹெலன், ஐவன் நாணயக் கணக்கைக் கொடுத்தேன். இருவரிடமும் நாணய எண்ணிக்கை ஒன்றே. ஹெலனிடம் 20 காசு நாணயம் 64, ஐவனிடம் 104, மீதியெல்லாம் 50 காசு, யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? "மொத்தம் எத்தனைன்னு சொல்லவே இல்லையேப்பா" என்று பென்சிலை வைத்துவிட்டாள். இவ்வளவு பயிற்சியும் எங்கே போனது?

யீஷூன் டீச்சர்:
பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள் அண்ணே. நான் துணைப்பாடம் நடத்துகிறேன். வாய்ப்பாடே தடுமாறும் பிள்ளையிடம் "யோசி" என்றால் எதை வைத்து யோசிக்கும்? இன்னும் நான்கு வகைத் தாள் போடட்டும், பழகிவிடும்.

பழைய வாத்தியார்:
வாய்ப்பாடு வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதைக் கவனியுங்கள், மொத்தம் எங்கே என்று தேடியிருக்கிறாள், ஏனென்றால் அவள் போட்ட கோழி, முயல் கால் கணக்குகளில் எல்லாம் மொத்தம் கொடுத்திருக்கும். இங்கே மொத்தமே தேவையில்லை. ஐவனிடம் 20 காசு 40 கூடுதல், அப்படியானால் ஹெலனிடம் 50 காசு 40 கூடுதல், ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம், ஆக ஹெலனிடம் 12 வெள்ளி (டாலர்) அதிகம். பெருக்கல் அவளுக்குத் தெரியும். எதைப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

பெரியவர்களுக்கும் இதே கதிதான். கிக், ஹோலியோக் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் ஒரு கதை சொன்னார்கள்: படை மொத்தமும் ஒரே சாலையில் போக முடியாததால் சிறு குழுக்களாகப் பல சாலைகளில் போய்க் கோட்டையைப் பிடிக்கிறது. அப்புறம், சுற்றியுள்ள சதை கெடாமல் கதிரால் உடலுக்குள் இருக்கும் கட்டியை அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். விடை கதையிலேயே இருக்கிறது, மெல்லிய கதிர்களைப் பல பக்கமிருந்து செலுத்த வேண்டும். கதையைப் பயன்படுத்து என்று சொல்லும்வரை பெரும்பாலானோருக்கு அது உதவவில்லை. 1983இல் இரண்டு கதைகளை ஒப்பிட வைத்தபோது நிலைமை தேறியது. அதனால் ஐம்பது கணக்கு வேண்டாம், வேறு வேறு வேடத்தில் இரண்டு கணக்கைப் பக்கத்தில் வைத்து "இரண்டிலும் எது ஒன்று?" என்று அவளையே சொல்ல விடுங்கள்.

யீஷூன் டீச்சர்:
சார், ஒரே தாளில் வேறு வேறு வகைக் கணக்கைக் கலந்து கொடுத்தால் மதிப்பெண் இறங்கும். அடுத்த நாளே பெற்றோர் கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வது?

பழைய வாத்தியார்:
இறங்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2007இல் ரோரர், டெய்லர் கல்லூரி மாணவர்களிடம் கன அளவுக் கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை என்று போட்டவர்கள் பயிற்சியில் 89 விழுக்காடு, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் முதல் குழு 20, கலந்து போட்டவர்கள் 63.

தேக்கா அப்பா:
இன்று மாலை உணவங்காடியில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு மேசையிலும் பரோட்டா எண்ணிக்கை ஒன்றே, நம் மேசையில் சாதா 5 கூடுதல், மற்றதெல்லாம் முட்டைப் பரோட்டா, அது ஒரு வெள்ளி அதிகம், யாருக்கு பில் கூடும்? கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு, அஞ்சு வெள்ளி" என்றாள். அப்புறம் அவளாகவே, "அப்பா, இது அந்தக் காசுக் கணக்குதானே?"

யீஷூன் டீச்சர்:
ஒரு கணக்கை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை வகுப்பில் ஒரு தாளைக் கலந்து கொடுத்துப் பார்க்கிறேன்.