கோச் கிளம்பினதும் அஜைல் ஏன் படுத்துடுது?

ராத்திரி_டிப்ளாய்:
எங்க சாஃப்ட்வேர் டீம்ல ஸ்க்ரம் (வேலைய சில வாரச் சுத்துகளா பிரிச்சு முடிக்கிற ஒரு அஜைல் முறை) ஆரம்பிச்சப்போ வெளியிலருந்து ஒரு கோச் வந்திருந்தாரு, அவர் இருந்தவரைக்கும் எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு, கான்ட்ராக்ட் முடிஞ்சு கிளம்பினதும் ஒவ்வொண்ணா கழண்டுட்டு வருது. ஸ்டாண்டப் (தினமும் நடக்கிற குட்டி மீட்டிங்) நடக்குது, ஆனா ஆளாளுக்கு நேத்து பண்ணத மேனேஜர் மூஞ்சிய பாத்து ஒப்பிச்சுட்டு போறாங்க. ரெட்ரோவ (சுத்து முடிஞ்சதும் எது சரியா போச்சு, எத மாத்தணும்னு பேசுற மீட்டிங்) ரிலீஸ் டைட்டுன்னு தள்ளித் தள்ளி இப்போ கேலண்டர்லயே காணோம். வருஷக்கணக்கா விடாம பண்றவங்க யாராவது இருக்கீங்களா, உங்க டீம்ல எது இத நிக்க வைக்குது?

பழைய டெஸ்டர்:
எங்கயும் முதல்ல சாகுறது ரெட்ரோதாங்க. பேசினது எதுவும் நடக்கலன்னா யாரு வருவா? முன்னாடி இருந்த டீம்ல "டெஸ்ட் சர்வர் விழுது"ன்னு ஒவ்வொரு ரெட்ரோலயும் அதே மஞ்சச் சீட்டு ஒட்டுவோம், சர்வர் ஆக்சஸ் வேற டீம் கையில, டிக்கெட் போட்டா பதிலே வராது, கடைசில சீட்டு ஒட்டுறதையே விட்டுட்டாங்க. இப்போ இருக்கற டீம்ல ஒரே ஒரு விஷயத்த மட்டும் எடுத்து அடுத்த ஸ்பிரிண்ட் (அதாவது அடுத்த சுத்து) பேக்லாக்லயே, வேலை லிஸ்ட்லயே, ஆள் பேரோட போட்டுடுவோம். ஸ்க்ரமுக்கு விதி சொல்ற ஸ்க்ரம் கைடோட 2017 பதிப்புல இப்படி ஒண்ணாவது கட்டாயம் இருக்கணும்னு இருந்துச்சு, 2020ல "சேர்த்துக்கலாம்"னு இளக்கிட்டாங்க. எனக்கு பழசுதான் சரின்னு படுது.

கோடு_குப்பன்:
மீட்டிங்க பத்தியே பேசுறீங்க, டெஸ்ட் ஆட்டோமேஷன் இருக்கா? அது இல்லாம 2 வாரத்துக்கு ஒரு ரிலீஸ்னா ஒவ்வொரு தடவையும் பழைய ஃபீச்சர் மொத்தத்தையும் கையால சரிபாக்கணும், அந்த லிஸ்ட் ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் நீளும், அப்புறம் டெஸ்டிங்க அடுத்த ஸ்பிரிண்டுக்கு தள்ளுவீங்க, அதுக்கு பேரு குட்டி வாட்டர்ஃபால் (ஒரு கட்டம் முடிஞ்சாதான் அடுத்ததுங்கற பழைய முறை). கோடு எப்படி எழுதணும்னு ஸ்க்ரம் கைடு சொல்லாது. டெஸ்ட முதல்ல எழுது, எல்லாரோட கோடையும் அடிக்கடி மெர்ஜ் பண்ணுன்னு சொன்னது எக்ஸ்ட்ரீம் ப்ரோகிராமிங்ங்கற இன்னொரு அஜைல் முறை, பாதி பேரு அத தொடவே மாட்டாங்க.

கன்பன்காரி:
மேல சொன்னது ரெண்டும் சரி, ஆனா கோச் போன சமயத்துல மேனேஜரும் மாறினாரா?

ராத்திரி_டிப்ளாய்:
ஆமாங்க, எப்படி கண்டுபிடிச்சீங்க? புதுசா வந்தவரு 3 டீமோட வெலாசிட்டியையும் (ஒரு ஸ்பிரிண்ட்ல எத்தன பாயிண்ட் வேலை முடிச்சாங்கங்கற கணக்கு) ஒரே ஷீட்ல போட்டு மாசாமாசம் மெயில் அனுப்புறாரு.

கன்பன்காரி:
அதானே. பாயிண்ட்ங்கறது வேலை எவ்வளவு பெருசுன்னு டீமே போடுற மதிப்பு, ஒரு டீமோட பாயிண்ட்டுக்கும் இன்னொரு டீமோடதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா கம்பேர் பண்ண ஆரம்பிச்சா 3 பாயிண்ட் போட்ட ஸ்டோரிக்கு (ஒரு தனி வேலைக்கு) 5 போடுவாங்க, சிக்கல்ல மாட்டினா வாயத் திறக்க மாட்டாங்க, ஸ்டாண்டப் ஒப்பிக்கிற இடமாத்தான் ஆகும். முதல்ல அந்த ஷீட்ட நிறுத்தப் பேசுங்க. நம்பர் கேட்டா, ஒரு வேலை ஆரம்பிச்சு யூசர் கைக்கு போய்ச்சேர எத்தன நாள் ஆகுதுன்னு காட்டுங்க, அதுல ஏமாத்துறது கஷ்டம். ஸ்டாண்டப்புக்கு அவர் வராம இருந்தா இன்னும் நல்லது, அந்த 15 நிமிஷம் டெவலப்பர்ஸுக்குத்தான்.

ராத்திரி_டிப்ளாய்:
வராதீங்கன்னு நான் சொன்னா அப்ரைசல்ல தெரியும் 😅 ஷீட் விஷயத்த டீம் லீட் மூலமா பேசிப் பாக்குறேன்.