பர்மா பஜார் பக்கம் அத்தோ: எப்படிக் கேட்டு வாங்கணும்?

திருவொற்றியூர் தேரடி கேட்டது:

வணக்கம். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட பாரிமுனை போறோம். செகண்ட் லைன் பீச் தெருவுல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடணும். மொத்தம் அஞ்சு பேர். மாமியார் சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டாங்க. பசங்க ரெண்டு பேருக்கும் (8, 11 வயசு) காரம் ஆகாது. அத்தோவைச் சூடா தருவாங்களா, ஆறினதுதானா? சைவத்துக்கு என்ன சொல்லிக் கேட்கணும்? வரிசையா இருக்கற கடைகள்ல எது நல்ல கடைன்னு பார்த்ததும் எப்படித் தெரிஞ்சுக்கறது? வீட்டுக்கு ரெண்டு பார்சல் வாங்கினா தாங்குமா?

மண்ணடி மாடிவீடு பதில்:

அத்தோ சூடா சாப்பிடற பண்டம் இல்லைங்க. இதை முதல்லயே பசங்ககிட்ட சொல்லிடுங்க, இல்லேன்னா ஃபாஸ்ட் ஃபுட் நூடுல்ஸை நினைச்சு வந்து ஏமாந்துடுவாங்க. வேகவெச்சு ஆறவெச்ச மஞ்சள் நூடுல்ஸை, நீங்க கேட்ட பிறகு கிண்ணத்துல போட்டுக் கையால பிசிறித் தர்றதுதான் அத்தோ. பர்மியப் பேச்சுல அந்தச் சொல்லுக்கே கலந்து பிசிறினதுன்னுதான் அர்த்தம். சூடு, கூட வர்ற வாழைத்தண்டு சூப்புல இருக்கு.

வண்டிக்கு முன்னாடி நின்னு அந்தக் கையை ஒரு நிமிஷம் பாருங்க. ஒரு பிடி நூடுல்ஸ், மேல நூல் மாதிரி சீவின முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். அடுத்தது பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி, வறுத்த கடலை மாவு, இடிச்ச வரமிளகாய், உப்பு. அப்புறம் புளித்தண்ணி. விரல் நுனியால தூக்கித் தூக்கிப் பிசிறுவாங்க, அழுத்திப் பிசைய மாட்டாங்க. கடைசியா வறுத்த வெங்காயம், கொத்தமல்லி, உள்ளங்கையில நொறுக்கின பேஜோ. பேஜோங்கறது தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கற பொரிச்ச பண்டம். அதைக் கடைசியில போட்டாத்தான் நமுக்காம இருக்கும்.

அதனால சொல்ல வேண்டியதை எல்லாம் கை கிண்ணத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். "அண்ணே, ரெண்டு தட்டு மிளகாய் போடாம, புளி கம்மியா" அப்படின்னு சொன்னா போதும். காரம் தனியாத்தான் சேர்றதால பசங்களுக்கு இது ரொம்ப வசதி. கலந்த பிறகு காரத்தைக் குறைக்க வழியே கிடையாது. சூப்புல மிளகு, இஞ்சி இருக்கும். அதை மட்டும் முதல்ல ஒரு வாய் குடுத்துப் பாருங்க.

சாப்பிடறப்போ ஒரு வாய் அத்தோ, ஒரு மடக்கு சூப். தட்டுல இருக்கற அத்தோ மேல சூப்பை மொத்தமா கவுத்துடாதீங்க, பேஜோ ஊறிப் போய் எல்லாம் களியாயிடும். சூப்புல மிதக்கற நூடுல்ஸ்தான் வேணும்னா மொய்ங்கான்னு கேளுங்க. பெரும்பாலான கடைகள்ல சூப் இன்னொரு தடவை கேட்டாலும் ஊத்துவாங்க.

நல்ல கடைக்கு என் கணக்கு மூணே விஷயம். சூப் அண்டா தளதளன்னு கொதிச்சுக்கிட்டே இருக்கணும், வெதுவெதுன்னு இருந்தா நகர்ந்துடுங்க. பூண்டு எண்ணெய் பொன்னிறமா இருக்கணும், கருகின பூண்டு ஒரு கரண்டி விழுந்தாலே மொத்தத் தட்டும் கசக்கும். முட்டைக்கோஸ் விறைப்பா, ஈரம் சொட்டாம இருக்கணும். கூட்டத்தையும் பாருங்க. நூடுல்ஸ் தீர்ந்து புதுசா வர்ற கடைதான் வேணும்.

வியாசர்பாடி சைவம் பதில்:

மாமியார் விஷயத்துல "வெஜ் அத்தோ"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. தட்டுல கறி, முட்டை இல்லேன்னாலும் கவனிக்க வேண்டிய இடம் சூப்தான். பர்மாவுல மொய்ங்காங்கறது மீன் குழம்புல அரிசி நூடுல்ஸ் போட்டுத் தர்றது. கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் அதோட அடிப்படை. சென்னையில நிறைய வண்டிகள்ல மீனை எடுத்துட்டு வாழைத்தண்டு, இஞ்சி, பூண்டு, கடலை மாவுக் கரைசலோட நிறுத்திட்டாங்க. ஆனா எல்லாக் கடையும் ஒண்ணு இல்ல. "சூப்புல மீன், எறா, சிக்கன் தண்ணி எதாவது சேருதா?"ன்னு நேராவே கேளுங்க.

ரெண்டாவது, கை. முட்டை உரிச்ச கை, சிக்கன் அத்தோ பிசிறின கை, அதே கிண்ணம். இது அவங்களுக்கு ஒத்துக்காதுன்னா, "கை கழுவிட்டு, கிண்ணம் மாத்திக் கலந்து தாங்க"ன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. கூட்டம் ஏர்றதுக்கு முன்னாடி, கடை போட்ட கொஞ்ச நேரத்துல போனா முகம் சுளிக்காம செஞ்சு தருவாங்க. எட்டு மணிக்கு மேல போய்க் கேட்டா அவங்களுக்கும் கஷ்டம்.

மழை நாள்ல பச்சை முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் வயித்துக்குச் சந்தேகமா இருந்தா, கல்லுல போட்டுப் பிரட்டித் தர்ற அத்தோ ஃப்ரை கேளுங்க. ருசி வேற, ஆனா சூடா வரும்.

திருவொற்றியூர் தேரடி:

ரொம்ப நன்றிங்க. முட்டை மசாலான்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன? ரயில்ல வரலாமா?

மண்ணடி மாடிவீடு:

வேகவெச்ச முட்டையை அடிவரைக்கும் அறுக்காம நடுவுல கீறி, உள்ளே உப்பு, மிளகாய், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், கொஞ்சம் புளித்தண்ணி, கொத்தமல்லி வெச்சுத் தருவாங்க. முழுசா வாயில போட்டுக்கணும். கடிச்சுச் சாப்பிட்டா புளித்தண்ணி சட்டையிலதான் இருக்கும். பசங்களுக்கு ரெண்டா வெட்டித் தரச் சொல்லுங்க.

மின்சார ரயில்னா கடற்கரை போற வண்டியாப் பார்த்து ஏறுங்க, சிலது சென்ட்ரல் போயிடும். மெட்ரோன்னா மண்ணடியிலயோ உயர் நீதிமன்றத்துலயோ இறங்கி நடக்கலாம். பெரியவங்க கூட வர்றதால ஒண்ணு சொல்லணும்: வண்டிக் கடைகள்ல உட்கார இடம் கம்மி. ரெண்டு ஸ்டூலாவது இருக்கற கடையா முதல்லயே பார்த்து வெச்சுக்கோங்க.

தண்டையார்பேட்டை சமையல்கட்டு பதில்:

பார்சல் பத்தி யாரும் சொல்லல. கலந்து கட்டினது அரை மணி நேரம்கூடத் தாங்காது. உப்பு பட்டதும் முட்டைக்கோஸ் தண்ணி விடும், நூடுல்ஸ் புளியைக் குடிச்சு ஊதும், பேஜோ நமுத்துடும். "கலக்காம தனித்தனியா கட்டிக் குடுங்க"ன்னு கேளுங்க: நூடுல்ஸும் காயும் ஒண்ணு, எண்ணெய், புளித்தண்ணி, பேஜோ தனித்தனி, சூப் தனி. வீட்டுல சூப்பை மறுபடி கொதிக்கவிட்டு, அத்தோவைச் சாப்பிடற நேரத்துல பிசிறிக்கலாம்.

வீட்டுலயே செய்யறதுன்னா மூணு பேருக்கு 200 கிராம் கோதுமை நூடுல்ஸ். ரெண்டு லிட்டர் தண்ணி கொதிச்சதும் போட்டு, நடுவுல வெள்ளைப் பொட்டு மறைஞ்சதும் வடிச்சு, பச்சைத் தண்ணியில அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவித் தட்டுல பரப்பி ஆறவிடுங்க. பரப்பாம குவிச்சு வெச்சா கட்டியாயிடும். பெரிய வெங்காயம் மூணு மெல்லிசா அரிஞ்சு, 150 மில்லி எண்ணெய்ல மிதமான தீயில வறுத்து, இளம் பொன்னிறத்துலயே எடுத்துடணும், வெளியே வந்தும் அது சிவக்கும். அதே எண்ணெய்ல பதினஞ்சு பல் பூண்டு. எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் வெந்நீர்ல கெட்டியாக் கரைங்க. வறுத்த கடலை மாவு ரெண்டு மேசைக்கரண்டி. பொட்டுக்கடலையைப் பொடிச்சும் போடலாம்.

வீட்டு அத்தோ கெட்டுப்போறது வரிசையிலதான். புளித்தண்ணியை முதல்ல ஊத்தி மேல மாவைத் தூவினா மாவு திரிதிரியா ஒட்டும். எண்ணெய், மாவு, அப்புறம் புளி. இப்படிப் போட்டா மாவு நூடுல்ஸ் மேல ஒட்டிக்கிட்டுப் புளியைப் பிடிச்சுக்கும், தட்டு அடியில தண்ணி தேங்காது. உப்பைப் பரிமாறறப்போ போடுங்க. புளிக்குப் பதிலா எலுமிச்சைன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அது சரியாப் படல. எலுமிச்சை புளிப்பு மட்டும் தரும், புளிதான் பூண்டு எண்ணெயோட சேர்ந்து கெட்டியா நிக்கும். வேணும்னா மேல நாலு சொட்டு பிழிஞ்சுக்கோங்க.

வியாசர்பாடி சைவம்:

பசங்க இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டா சொல்லுங்க: 1962-ல பர்மாவுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. 1964-ல கடைகளை அரசுடைமை ஆக்கினாங்க, 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கடையும் காசும் போன தமிழ்க் குடும்பங்கள் கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்கினாங்க. அவங்க பிழைப்புக்காக 1969-ல உருவானதுதான் பர்மா பஜார். அத்தோவும் அவங்க கைவழி வந்ததுதான். வியாசர்பாடியிலயும் அந்தக் குடும்பங்கள் நிறைய இருக்காங்க, சாயங்காலத்துல அங்கயும் வண்டி நிக்கும். பாரிமுனைக் கூட்டம் மாமியாருக்கு ஒத்துவராதுன்னா அங்க வாங்க.