‘பசாயின்’ புலம்பெயர்வு நாவலா?

கரிசல்வாசகன்: நேபாளிப் புலம்பெயர்வுப் புனைகதை என்றதும் எல்லோரும் லீல் பகதூர் சேத்ரியின் ‘பசாயின்’ (1957) நாவலைத்தான் எடுத்துவைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மலைக்கிராமத்து விவசாயி தனே கடனுக்கு எருமை வாங்குகிறான். கடன் ஏறி, நிலமும் வீடும் கைவிட்டுப் போகிறது. மனைவி மைனாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். அவ்வளவுதான், நாவல் முடிந்துவிட்டது. இந்திய எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள்கூட அவர்களை நாம் பார்ப்பதில்லை. இது கந்துவட்டியைப் பற்றிய நல்ல நாவல். புலம்பெயர்ந்த வாழ்க்கை இதில் எங்கே இருக்கிறது?

தேயிலைக்காடு: சேத்ரி பிறந்ததே அஸ்ஸாமின் குவாஹாட்டியில்தான். கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்த மண்ணில் வளர்ந்தவர் அவர். அந்த வாழ்க்கையை எழுதத் தெரியாமலா விட்டார்? நம் முன்னோர் ஏன் ஊரை விட்டார்கள் என்ற கேள்வி அஸ்ஸாமில் பிறந்த பிள்ளைக்குத்தான் வரும். தனேயின் தங்கை ஜுமாவை மறந்துவிட்டீர்களே. ஊருக்கு வந்த ஒரு பட்டாளத்துச் சிப்பாயால் அவள் வாழ்க்கை குலைகிறது. தனே கிளம்பும் முன்பே வெளியுலகம் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது.

கரிசல்வாசகன்: காரணத்தைச் சொல்வது வேறு, வாழ்க்கையைக் காட்டுவது வேறு நண்பரே. கோவிந்தராஜ் பட்டராயின் ‘முக்லான்’ (1974) படியுங்கள். ஏமாற்றி அழைத்துப் போகப்பட்ட நேபாள இளைஞர்கள் பூட்டானில் ரோடு போடும் வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள். கூலி, காவல், தப்பிக்க வழியில்லாத மலை, எல்லாமே அதில் இருக்கிறது. இன்று வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்கு நெருக்கமான கதை அதுதான்.

மூன்றாம்பிறை: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்தப் பேச்சில் டார்ஜிலிங் எழுத்தாளர்களையும் புலம்பெயர்ந்தோர் கணக்கில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்திர பகதூர் ராயின் ‘ஆஜ ரமிதா ச’ (1964) நாவலில் ஜனக் என்ன செய்கிறான்? டார்ஜிலிங்கில் வியாபாரம், அரசியல், தோட்டத் தொழிலாளர் பிரச்சினை என்று அலைகிறான். அவனுக்கு ஊர் அதுதான். இந்திய அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் இடம்பெற நேபாளி மொழி 1992 வரை காத்திருந்தது. அந்த மக்களை நாமும் வந்தேறிகள்போல எழுதினால் அது பெரிய அநியாயம்.

தேயிலைக்காடு: மூன்றாம்பிறை சொல்வது முழுக்கச் சரி. கரிசல்வாசகன், ‘முக்லான்’ பெரிய நாவல் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் எல்லை தாண்டிய பிறகுதான் கதை தொடங்க வேண்டும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. மஞ்சுஸ்ரீ தாபா 2010இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘சீசன்ஸ் ஆஃப் ஃப்ளைட்’ நாவலில் பிரேமாவுக்கு கிரீன் கார்டு குலுக்கலில் விழுகிறது, லாஸ் ஏஞ்சலஸ் போகிறாள். அவளுக்கு எல்லை என்பது விசா, விமானம், காகிதம். இந்தியா–நேபாள எல்லையில் இது எதுவும் கிடையாது. 1950 ஒப்பந்தம் இரு நாட்டவருக்கும் போக்குவரத்து உரிமை கொடுத்திருக்கிறது. தனே எல்லையில் யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லை. கடனுக்கு நிலம் போன அன்றைக்கே அவன் ஊருக்கு வெளியே ஆகிவிட்டான். சேத்ரி அதை எழுதியிருக்கிறார். இதற்கு மேல் எல்லை தாண்டும் காட்சி எதற்கு?

கரிசல்வாசகன்: எனக்கு வேண்டும். மைனா அங்கே போய் யார் வீட்டில் என்ன வேலை செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.