ஜிமேட் ஸ்கோர் குறைந்து, பிறகு ஏறியவர்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

அடையாறு ஆலமரம்

நானே ஆரம்பிக்கிறேன். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வின் இப்போதைய வடிவமான ஃபோகஸ் எடிஷனில் என் முதல் ஸ்கோர் 555.

சென்டரில் எழுதியவர்களுக்கு அந்த லேமினேட் நோட்பேடும் மார்க்கரும் தெரியும். குவான்ட்டை, அதாவது கணக்குப் பகுதியை, முதலில் வைத்திருந்தேன். பாதி தாண்டியதும் ஒரு குழாய்-தொட்டிக் கணக்கு வந்தது. இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒன்று காலி செய்கிறது. சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே மார்க்கர் காய்ந்துவிட்டது. அழுத்தினால் வெறும் கீறல்தான் விழுகிறது. கையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் வேறொருவருக்கு உள்ளங்கை ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கிறது, திரையில் கடிகாரம் ஓடுகிறது. 24:10 என்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. புது மார்க்கர் வந்தபோது 21 நிமிடச் சொச்சம்தான் பாக்கி.

45 நிமிடத்தில் 21 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த மூன்று நிமிடத்தை மீட்க வேண்டும் என்கிற பதற்றம் கடைசிக் கேள்வி வரை போகவே இல்லை. அடுத்த முறை உட்காரும்போது இரண்டு மார்க்கர் கேட்டு வாங்கி, இரண்டையும் நோட்பேடில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். 635 வந்தது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஆடிவெள்ளி

நான் வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதியவன். ஊர் ஈரோடு பக்கம். தேர்வு நாள் ஆடி மாதத்தில் விழுந்தது, அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டியாகிவிட்டது, மேஜைக்கு அடியிலும் காட்டியாகிவிட்டது. வெர்பல் (ஆங்கிலப் பகுதி) ஓடிக்கொண்டிருக்கும்போது தெருமுனை மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று குழாய் ரேடியோவில் அறிவிப்பு ஆரம்பித்தது. ஜன்னல், கதவு எல்லாம் மூடித்தான் இருந்தன. திரையில் சாட் பெட்டி திறந்து, அறையில் வேறு யார் இருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று ஆன்லைன் மேற்பார்வையாளரான ப்ராக்டர் கேட்கிறார். கோவில் ஒலிபெருக்கி என்று டைப் செய்கிறேன். மறுபடியும் அறையைக் காட்டச் சொல்கிறார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாலு சுவரையும் காட்டுகிறேன், பின்னால் "பக்தகோடிகள் வரிசையில் வரவும்" என்று கேட்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய சந்தேகத்திலும் தப்பில்லை. ஆனால் திரும்பி வந்து அதே ஆர்.சி. (ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்) பத்தியைப் படித்தால் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

வெர்பல் 76. அடுத்த முறை கோவைக்குப் பஸ் ஏறிப் போய் சென்டரில் எழுதினேன், 82. ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் தேதி போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார் மகன்

ஆலமரம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்க்கர் காய்ந்ததால் 555, மாற்றியதால் 635 என்று புதிதாக வருபவர்கள் படித்துவிடக் கூடாது. மூன்று நிமிடம் போனால் ஒன்றரைக் கேள்வி போகும், அவ்வளவுதான். ஃபோகஸில் மொத்த ஸ்கோர் 205 முதல் 805 வரை. குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ் (டி.ஐ., தரவுப் பகுதி) மூன்றுக்கும் சம எடை. 80 புள்ளி ஏற வேண்டுமானால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதியில் ஏதாவது நகர்ந்திருக்க வேண்டும். உங்கள் டி.ஐ. என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவே இல்லை.

என் சம்பவம் சின்னது. கோச்சிங் மையத்தில் ஒரு மாக் (மாதிரித் தேர்வு) முடிந்ததும் பயிற்சியாளர் என் தாளைத் தூக்கிக் காட்டி, "இன்ஜினியர், ஆனால் டேட்டா சஃபிஷியன்சியில் பாதிகூட இல்லை" என்று வகுப்புக்கே சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது முக்கியமான விஷயம். நம் ஆட்கள் பலர் டி.ஐ.யில் விழுவது இந்த டேட்டா சஃபிஷியன்சியில்தான். பழைய ஜிமேட்டில் இது குவான்ட்டோடு இருந்தது, இப்போது டி.ஐ.க்குப் போய்விட்டது. பத்தாம் வகுப்பிலிருந்தே நம் கைக்கு விடையைக் கண்டுபிடித்துப் பழக்கம். கடைசி வரியில் விடையை எழுதி அடிக்கோடு போடாவிட்டால் தூக்கம் வராது. இங்கே விடையை யாரும் கேட்கவில்லை. விடை கிடைப்பதற்குத் தகவல் போதுமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஒரு உதாரணம். x-இன் மதிப்பு என்ன? கூற்று 1: x² = 9x. கூற்று 2: x பூஜ்ஜியம் அல்ல. பழக்கப்பட்ட கை உடனே இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்து 9 என்று எழுதி, கூற்று 1 மட்டுமே போதும் என்று டிக் அடித்துவிடும். x பூஜ்ஜியமாகவும் இருக்கலாமே! கூற்று 1 இரண்டு விடை தருகிறது, அதனால் தனியாகப் போதாது. கூற்று 2 தனியாக எதையும் தரவில்லை. இரண்டையும் சேர்த்தால் 9 மட்டும்தான் மிஞ்சும், ஆகவே சேர்த்தால் போதும். இந்த மாதிரிக் கேள்விகளைப் பேனாவே எடுக்காமல், வாயால் மட்டும் "போதும், போதாது" என்று சொல்லிப் பழகுங்கள். முதலில் கை பரபரக்கும். விடுங்கள். பூஜ்ஜியம், எதிர்மறை எண், பின்னம் இந்த மூன்றையும் ஒவ்வொரு கூற்றிலும் போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான் அட்டவணை, வரைபடம், டூ-பார்ட் (இரண்டு பகுதி விடை), மல்டி-சோர்ஸ் (பல மூலங்களிலிருந்து தகவல்) எல்லாம். டி.ஐ.யில் 20 கேள்வி, 45 நிமிடம், திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. குவான்ட்டில் கால்குலேட்டர் கிடையாது. இது தெரியாமல் வீட்டில் குவான்ட்டுக்கும் கால்குலேட்டரோடு பயிற்சி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அண்ணன் படித்த பழைய கைடை வைத்துப் படிக்காதீர்கள். வாக்கியப் பிழை திருத்தும் சென்டென்ஸ் கரெக்‌ஷன் போய்விட்டது, குவான்ட்டில் ஜியாமெட்ரி போய்விட்டது, கட்டுரையும் போய்விட்டது. இல்லாத பகுதிக்கு மாதக்கணக்கில் உழைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மதுரை மாலதி

நான் ஜிமேட் இல்லை, ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் எழுதியவள். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கெல்லாம் 16 நாள் காத்திருந்தால் மறுபடியும் எழுதலாம். எங்களுக்கு வருடத்தில் ஒரே நாள், நவம்பர் மாத ஞாயிறு. மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம், ஒன்று முடிந்தால் கதவு மூடிவிடும், திரும்பிப் போக முடியாது. டி.ஐ.எல்.ஆர். (தரவு, தர்க்கம்) பகுதியில் என் பக்கத்து இருக்கைப் பெண் பத்தாவது நிமிடத்தில் மவுஸைக் கீழே வைத்துவிட்டு மீதி அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குவான்ட் ஆரம்பித்தும் அவள் கை மேலே வரவில்லை. அவள் முகம் இன்றைக்கும் வருகிறது. எழுந்து போய்த் தோளைத் தட்டவா முடியும்?

ஆடிவெள்ளி

மாலதி அக்கா, 16 நாள் என்பது விதி. இருபதாயிரத்துக்கு மேல் கட்டணம் என்பதும் உண்மை. முதல் சம்பளத்தில் கட்டியவனுக்கு அது வருடத்தில் ஒரு நாளைவிடக் குறைந்ததில்லை.

மதுரை மாலதி

அது சரிதான் தம்பி. அதை நான் யோசிக்கவில்லை.

பாளையங்கோட்டை தமிழ்வழி

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. 525 வந்த பிறகு ஒரு ஆலோசகரிடம் போனேன். ஸ்கோரைப் பார்த்தார், வெர்பல் 73 என்பதைப் பார்த்தார், எந்த மீடியம் என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் வெர்பலை விட்டுவிடுங்கள், குவான்ட்டை மட்டும் தள்ளுங்கள்" என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் குத்தியது.

வெர்பலில் இப்போது இலக்கணம் கிடையாது, வாத்தியார் மகன் சொன்னதுபோல. ஆர்.சி.யும் கிரிட்டிகல் ரீசனிங்கும் மட்டும்தான். 45 நிமிடத்தில் 23 கேள்வி. கிரிட்டிகல் ரீசனிங் என்பது யார் என்ன முடிவு சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், நடுவில் எங்கே ஓட்டை என்று பார்ப்பது. நம் ஊர் டீக்கடையில் தினம் நடப்பதும் அதுதான். நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கேள்வியையும் படித்துவிட்டு, ஆங்கிலத்தைத் திரையிலேயே விட்டுவிட்டு, வாதத்தை மட்டும் அக்காவுக்குத் தமிழில் சொல்வேன்.

உதாரணத்துக்கு, ஒரு நகரத்தில் ஹெல்மெட் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள், தலைக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் குறைந்தார்கள், ஆகவே சட்டம் பலித்தது. இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? அக்கா பி.ஏ. தமிழ். ஜிமேட் பக்கமே வராதவர். அரிசி களைந்துகொண்டே கேட்டார், "அந்த மாசத்துல ரோட்ல வண்டியே கம்மியா ஓடிச்சோ என்னவோ?" கீழே ஐந்து விடைகளில் ஒன்று, அந்த மாதங்களில் மேம்பால வேலைக்காக இருசக்கர வண்டிகளை அந்தச் சாலையில் விடவில்லை என்று இருந்தது. சரியான விடையும் அதுதான்.

அக்கா ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார், நான் அதை ஆங்கில விடைகளில் தேடுவேன். கொஞ்ச நாளில் அக்கா கேட்பதற்கு முன்பே எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. வெர்பல் 83, மொத்தம் 645. தமிழ்வழியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், யார் சொன்னாலும் வெர்பலை விட்டுவிடாதீர்கள்.

ஷிப்ட் முடிந்த நேரம்

பாளையங்கோட்டை, அருமை. உங்கள் 645-ஐப் பார்த்ததும் எனக்கு என்னுடையது ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் அதே ஸ்கோர்தான். அலுவலகத்தில் சந்தோஷமாகச் சொன்னேன். எங்கள் மேனேஜர் 2014 வாக்கில் ஜிமேட் எழுதி வெளிநாட்டில் எம்.பி.ஏ. முடித்தவர். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "நான் 700 எடுத்தேன், அப்போதே அது சாதாரணம். 645 வைத்துக்கொண்டு எங்கே போவாய்? மறுபடியும் எழுது" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள்.

பழைய 700-உம் புதிய 645-உம் ஏறக்குறைய ஒரே இடம்தான். ஜிமேட் நடத்துபவர்களே ஒப்பீட்டு அட்டவணை வெளியிட்டிருக்கிறார்கள். அடையாளம் காண்பதும் சுலபம். பழைய ஸ்கோர் பூஜ்ஜியத்தில் முடியும், புதியது 5-இல் முடியும். ஸ்கோரோடு பர்சென்டைலும் (எத்தனை சதவீதம் பேரைவிட மேலே என்பது) வரும், அதைக் காட்டினால் போதும். அது தெரியாததால் நல்ல ஸ்கோரைக் குறைந்த ஸ்கோர் என்று நினைத்து மறுபடியும் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இந்தத் திரியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே, உங்கள் ஸ்கோர் உண்மையிலேயே குறைவுதானா என்பதுதான்.

மயிலை மாடவீதி

இங்கே யாரும் சொல்லாத ஒன்று: முதல் பத்துக் கேள்விதான் ஸ்கோரைத் தீர்மானிக்கும். எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் பத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுங்கள்.

கணக்கு வாத்தியார் மகன்

மாடவீதி, இதை நம்பி எத்தனை பேர் கடைசியில் நாலைந்து கேள்வியைத் தொடாமல் விட்டார்கள் தெரியுமா! தேர்வு நம் விடைக்கு ஏற்பக் கேள்வியை மாற்றுவது உண்மை. அதனால் முதல் பத்தே எல்லாம் என்று ஆகாது. முடிக்காமல் விட்டால் அபராதம் உண்டு, அதுதான் ஸ்கோரைக் கீழே இழுக்கும். தெரியாத கேள்வியில் ஏதாவது ஒன்றை டிக் அடித்து, குறி வைத்துவிட்டு நகருங்கள். பகுதியின் கடைசியில் நேரம் இருந்தால் திரும்பிப் போய் மூன்று விடை வரை மாற்றலாம்.

அடையாறு ஆலமரம்

வாத்தியார் மகன் கேட்டதற்குப் பதில். டி.ஐ. 73-இலிருந்து 79 ஆனது. மார்க்கர் கதையைச் சொன்னது அது மனதில் நிற்பதால்தான். உழைத்தது வேறு இடத்தில். அதிகாரபூர்வ ஸ்கோர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் போனது என்று வரும். டி.ஐ.யில் ஒரு மல்டி-சோர்ஸ் தொகுப்பு, மூன்று டேப், அதிலேயே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது. கடைசிக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குக் கீழே. அதன் பிறகு வீட்டில் மாக் எழுதும்போது, மூன்று நிமிடம் தாண்டிய எந்தக் கேள்வியையும், விடை அடுத்த வரியில் வரும் என்று தெரிந்தாலும், விட்டுவிட்டு நகர்ந்து பழகினேன். அது ரொம்பக் கஷ்டமான பயிற்சி. ஸ்கோர் ஏறியது அதனால்தான்.

பாளையங்கோட்டை தம்பி, அக்கா வேறு எந்தக் கேள்விகளுக்கு என்ன சொன்னார் என்று முடிந்தால் எழுதுங்கள். டேட்டா சஃபிஷியன்சி சந்தேகம் இருப்பவர்கள் இங்கேயே கேளுங்கள், வாத்தியார் மகன் இருக்கிறார்.